ஒரு கூடைக் கிழங்கை வைத்து ஒரு லோடைச் சொல்ல முடியுமா?

கேள்வி இதுதான். வாழப்பாடி பக்கம் மரவள்ளி போடும் குடும்பத்துப் பெண் ஒருவர், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு புள்ளியியல் படிப்பவர், கேட்டிருக்கிறார்: “லோடு ஏற்றும்போது பக்கத்துத் தோட்டத்துத் தராசில் ஒரு கூடை எடை போட்டோம், 26 பாயிண்ட் வந்தது. மில்லில் ஒரு கூடை எடுத்துப் பார்த்து 24 என்றார்கள். அப்பா ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார். திட்டப் பிழை, நம்பிக்கை இடைவெளி, பி-மதிப்பு எல்லாம் எனக்குக் கணக்காகப் போடத் தெரியும். ஆனால் இந்த 24-க்கும் 26-க்கும் எதைப் போடுவது என்று தெரியவில்லை. மாடல், மாடல் என்கிறார்களே, அது என்ன என்பதே எனக்குப் பிடிபடவில்லை.”

முதலில் நேரான பதில். ஒரு கூடையை வைத்து லோடைப் பற்றிச் சொல்ல முடியும். ஆனால் “இவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம்” என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரே லோடில் வந்த இரண்டு பாயிண்ட் வித்தியாசத்தை வைத்து ஏமாற்றினார்கள் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏன் என்பதற்குத்தான் மீதிப் பதில் முழுவதும். உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு லோடுக்குள் இருக்கிறது.

கிழங்கு விற்காத வாசகர்களுக்காக ஒரு விஷயம். சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி, ஸ்டார்ச் மில்களுக்குப் போகும் மரவள்ளிக்கு வெறும் எடையை வைத்து மட்டும் விலை போடுவதில்லை. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்பதைப் பாயிண்டாகச் சொல்லி, பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசுவார்கள். டன்னுக்குப் பாயிண்ட் ஒன்று 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்து டன் லோடில் இரண்டு பாயிண்ட் குறைந்தால் 6,000 ரூபாய் போய்விடும். உங்கள் அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

உங்கள் லோடில் இருக்கும் கிழங்கு மொத்தத்தையும் அரைத்துப் பார்த்தால் ஒரு பாயிண்ட் கிடைக்கும். அதுதான் உண்மை. அது ஒரே எண், நிலையான எண், விற்கும் நேரத்தில் யாருக்கும் தெரியாத எண். புத்தகத்தில் அதற்குப் பண்பளவை என்று பெயர். ஒரு கூடையை எடுத்து எடை போட்டு நாம் சொல்வது அதன் மதிப்பீடு. 26 ஒரு மதிப்பீடு, 24 இன்னொரு மதிப்பீடு. இரண்டில் எதுவும் உண்மை இல்லை. இரண்டுமே உண்மையைச் சுற்றி எங்கேயோ விழுந்த எண்கள். அனுமானப் புள்ளியியலின் வேலை, விழுந்த இடத்தைப் பார்த்து, உண்மை எவ்வளவு தூரத்தில் இருக்கக்கூடும் என்று சொல்வது. அந்தத் தூரத்தைச் சொல்லத்தான் மாடல் வேண்டும்.

மாடலை ஒரு வரியில் எழுதிவிடலாம்: கூடையில் பார்த்த பாயிண்ட் = லோடின் உண்மையான சராசரி + அந்தக் கூடைக்கே உரிய விலகல். அவ்வளவுதான். முதல் துண்டு நமக்கு வேண்டியது. இரண்டாவது துண்டு கூடைக்குக் கூடை மாறுவது. “மாறுவது” என்று சொல்லிவிட்டு நிற்காமல் எப்படி மாறும் என்று ஒரு வடிவத்தைச் சொல்கிறோம்: சின்ன விலகல் அடிக்கடி வரும், பெரிய விலகல் அபூர்வமாக வரும், மேலேயும் கீழேயும் ஒரே அளவில் வரும், ஒரு கூடையின் விலகல் அடுத்த கூடையின் விலகலைத் தொடாது. இந்த நான்கும் நாம் போடும் அனுமானங்கள். பின்னால் வரும் சூத்திரங்களின் உயிர் இவற்றில் இருக்கிறது. வகுப்பில் சூத்திரத்தை முதலில் கொடுத்துவிட்டு அனுமானங்களைக் கடைசி வரியில் சொல்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த விலகல் எங்கிருந்து வருகிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பாதி காட்டிலிருந்து வருகிறது. வரப்போரத்தில் தண்ணீர் அதிகம் பாய்ந்த செடி, தேமல் விழுந்த செடி, முள்ளுவாடி ரகத்துக்கு நடுவே கலந்துவிட்ட குங்குமரோஸ் ரகம், ஒரு மாதம் முந்தி நட்ட பாத்தி, இவை ஒவ்வொன்றிலும் மாவு வேறு வேறாக இருக்கும். மீதிப் பாதி தராசிலிருந்து வருகிறது. வழக்கமான முறையில் ஐந்து கிலோ கிழங்கைக் காற்றில் எடை போட்டு, பிறகு அதே கிழங்கைத் தொட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போடுவார்கள். மாவுச்சத்து தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி. அதனால் மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள் கொஞ்சம் கூடுதல் எடை காட்டும். ஆனால் அந்த ஐந்து கிலோ, தண்ணீருக்குள் அரை கிலோ அளவுக்குத்தான் நிற்கும். அந்த அரை கிலோவில் முப்பது நாற்பது கிராம் வித்தியாசம் வந்தாலே ஒரு பாயிண்ட் மாறிவிடும். கிழங்கில் ஒட்டியிருக்கும் மண் பாயிண்டை ஏற்றிக் காட்டும். கூடைக்குள் சிக்கிய காற்றுக்குமிழி இறக்கிக் காட்டும். முள் லேசாக ஆடும்போது படித்தால் எப்படி வேண்டுமானாலும் போகும்.

இங்கே இன்னொரு மாடலும் ஒளிந்திருக்கிறது. தண்ணீரில் இத்தனை கிராம் என்றால் இத்தனை பாயிண்ட் என்று சொல்லும் அட்டவணை எப்படி வந்தது? பல கிழங்குகளின் அடர்த்தியை அளந்து, அதே கிழங்குகளின் மாவை ஆய்வகத்தில் தனியாகப் பிரித்து எடை பார்த்து, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டுத்தான் அப்படிப்பட்ட அட்டவணையைத் தயாரிப்பார்கள். உங்கள் பாடத்தில் வரும் தொடர்புப் போக்குக் கோடு அதுதான். எந்தப் புள்ளியும் கோட்டின் மேலேயே உட்காராது, கொஞ்சம் மேலே கீழே இருக்கும். ஆக நீங்கள் ‘அளந்தேன்’ என்று சொல்லும் 26 என்பதே ஒரு மாடலின் வழியாக வந்த எண். அளவீடு என்று நாம் நம்பிக் கையில் வைத்திருக்கும் பல எண்கள் இப்படித்தான் வருகின்றன.

சரி, விலகல் எவ்வளவு பெரியது? இதை ஒரு கூடையை வைத்துச் சொல்லவே முடியாது. ஒரு எண்ணுக்குள் பரவல் என்று ஒன்று கிடையாது. ஒரே லோடில் எட்டு வெவ்வேறு இடங்களிலிருந்து எட்டுக் கூடை எடுத்தோம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வந்த பாயிண்டுகள்: 26, 27.5, 24.5, 28, 25.5, 27, 26.5, 25. சராசரி 26.25. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, வர்க்கமாக்கிக் கூட்டினால் 10.5. அதை ஏழால் வகுத்தால் 1.5. வர்க்கமூலம் ஏறக்குறைய 1.22. இதுதான் திட்ட விலக்கம். ஒரு கூடைக்கும் இன்னொரு கூடைக்கும் சாதாரணமாக இருக்கும் ஏற்ற இறக்கத்தின் அளவு.

இந்த 1.22-ஐ எட்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.43. இது திட்டப் பிழை. மாணவர்கள் அதிகம் குழம்புவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். திட்ட விலக்கம் கிழங்கைப் பற்றிப் பேசுகிறது. இன்னும் ஆயிரம் கூடை எடுத்தாலும் அது சுருங்கிக்கொண்டே போகாது, ஏனென்றால் காடு மாறப்போவதில்லை. திட்டப் பிழை நம் மதிப்பீட்டைப் பற்றிப் பேசுகிறது. இதே லோடில் வேறு எட்டுக் கூடை, பிறகு வேறு எட்டுக் கூடை என்று திரும்பத் திரும்ப எடுத்து ஒவ்வொரு தடவையும் சராசரி போட்டால், அந்தச் சராசரிகள் எவ்வளவு சிதறும் என்பதே 0.43. கூடைகளைக் கூட்டக் கூட்ட இது சுருங்கும். ஆனால் வர்க்கமூலக் கணக்கில் சுருங்குவதால், பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு கூடை வேண்டும்.

இந்தச் சூத்திரத்தில் லோடு பத்து டன்னா, நூறு டன்னா என்பது எங்கேயும் வரவில்லை பாருங்கள். சாம்பிளைப் போல லோடு பல மடங்கு பெரிதாக இருக்கும்வரை அதன் அளவு முக்கியமில்லை. உள்ளே எவ்வளவு ஏற்ற இறக்கம் என்பதுதான் முக்கியம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அது சின்னப் பானைக்கும் பொருந்தும், கல்யாண வீட்டு அண்டாவுக்கும் பொருந்தும். அங்கே ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே கொதி, நடுவில் துடுப்புப் போட்டுக் கிளறியும் விட்டாயிற்று. சோற்றுக்குச் சோறு விலகல் இல்லாததால் ஒன்று போதும். கிழங்கு லோடை யாரும் கிளறுவதில்லை.

இப்போது நம்பிக்கை இடைவெளி. சராசரி 26.25, திட்டப் பிழை 0.43. புத்தகத்தில் 1.96-ஆல் பெருக்கச் சொல்லியிருப்பார்கள், பெருக்கினால் 0.85 வரும். ஆனால் நம்மிடம் எட்டே கூடைகள். அந்த 1.22-ஐயே எட்டுக் கூடையிலிருந்துதான் ஊகித்தோம், அதுவும் தவறாக இருக்கலாம். இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட். பார்லி, மால்ட் என்று அவர் கையாண்ட சரக்குகளுக்கும் சாம்பிள் சின்னது, ஏற்ற இறக்கம் பெரிது. உங்கள் மில்லின் பிரச்சினையேதான். 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான் நீங்கள் படிக்கும் டி-பரவல். எட்டுக் கூடைக்கு அது தரும் பெருக்கெண் 2.365. ஆக 0.43-ஐ அதனால் பெருக்கினால் ஒரு பாயிண்டைக் கொஞ்சம் தாண்டும். லோடின் உண்மையான பாயிண்ட் 25.2-க்கும் 27.3-க்கும் நடுவில் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம்.

அந்த 95 சதவீதம் எதைக் குறிக்கிறது? ‘உண்மை இந்த இடைவெளிக்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு’ என்று பலரும் எழுதுகிறார்கள். 1937-இல் புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் இந்த முறையை வகுத்தபோது சொன்னது அது இல்லை. உண்மையான எண் நிலையாக இருக்கிறது. ஆடுவது நம் இடைவெளி. இதே முறையில் நூறு லோடுக்கு நூறு இடைவெளி போட்டால், நீண்ட ஓட்டத்தில் தொண்ணூற்றைந்தைப் போல அந்தந்த லோடின் உண்மையைப் பிடித்துவிடும், ஐந்தைப் போலத் தவறவிடும். கையில் இருக்கும் இந்த இடைவெளி எந்த வகை என்று நமக்குத் தெரியாது. 95 என்பது முறைக்குக் கொடுக்கும் சான்று. ஒரு தனி லோடுக்குக் கொடுக்கும் சான்று கிடையாது. இதை ஒரு தடவை உள்ளே வாங்கிக்கொண்டால் அப்புறம் வரும் பாடங்களில் பாதி தானாக விளங்கும்.

இப்போது உங்கள் 24-க்கும் 26-க்கும் வருவோம். இரண்டும் ஒற்றைக் கூடைகள். ஒவ்வொன்றின் திட்ட விலக்கமும் 1.22 என்றால், இரண்டின் வித்தியாசத்துக்குத் திட்ட விலக்கம் 1.73. யாரும் எதுவும் செய்யாமலே, ஒரே லோடில் எடுத்த இரண்டு கூடைகளுக்குள் இரண்டு பாயிண்டோ அதற்கு மேலோ வித்தியாசம் ஏறக்குறைய நான்கில் ஒரு தடவை வந்துவிடும். அவ்வளவு சாதாரணமாக வரக்கூடிய ஒன்றை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் இதை மில்லுக்குச் சாதகமான தீர்ப்பாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதுவரை போட்ட கணக்கு எல்லாம் தற்செயலான பிழையைப் பற்றியது. இன்னொரு வகைப் பிழை உண்டு, சாய்வுப் பிழை. அது ஒரே பக்கமாக இழுக்கும். கூடையை எப்போதும் லோடின் மேலாக, கைக்கு எட்டும் இடத்திலிருந்தே எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே கிடப்பது கடைசியாகப் பிடுங்கிய பாத்தி. அது பள்ளத்துப் பாத்தி, தண்ணீர் தேங்கும் இடம் என்றால் அதன் பாயிண்டும் வேறாக இருக்கும். அங்கிருந்து எட்டுக் கூடை எடுத்தாலும், எண்பது எடுத்தாலும் சராசரி தவறான இடத்திலேயே நிற்கும். திட்டப் பிழை மட்டும் அழகாகச் சுருங்கும். நம்பிக்கை இடைவெளி குறுகலாக, துல்லியமாக, தப்பாக இருக்கும். சூத்திரத்துக்கு இது தெரியாது. கூடை எப்படி வந்தது என்று அதற்குச் சொல்ல நம்மை விட்டால் யாரும் இல்லை.

இதில் நம் நாட்டு அனுபவம் பெரியது, பாடத்தில் அதற்கு இடம் போதாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், 1930-களின் பிற்பாதியில் வங்காளத்தில் சணல் விளைச்சலைச் சாம்பிள் எடுத்துக் கணக்கிடும் வேலையில் இறங்கினார். ஒவ்வொரு வயலையும் அளக்காமல், சமவாய்ப்பு முறையில் பொறுக்கிய சின்னச் சின்னத் துண்டுகளை மட்டும் அளந்தார்கள். அடுத்து, பயிரை வெட்டி எடை பார்க்கும் துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. 1940-களில் புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே செய்த சோதனைகளில், துண்டு ரொம்பச் சின்னதாக இருந்தால் விளைச்சல் தொடர்ந்து அதிகமாகவே காட்டுவது தெரிந்தது. காரணம் எளிது: கயிறு கட்டும் எல்லையில் நிற்கும் செடியை ‘இது உள்ளேதான்’ என்று சேர்த்துக்கொள்ளும் மனம் வேலை செய்பவர்களுக்கு வந்துவிடுகிறது. சின்னத் துண்டில் உள்ளளவோடு ஒப்பிட்டால் எல்லை அதிகம், அதனால் தப்பும் அதிகம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஆனாலும் எண் ஒரு பக்கம் சாய்கிறது. இன்றும் நெல்லுக்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்ய வரும்போது ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டுகிறார்கள், அது எங்கே விழ வேண்டும் என்பதைச் சமவாய்ப்பு எண்ணை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். பயிர்க் காப்பீட்டுத் தொகையே அந்தச் சதுரத்தைப் பொறுத்து அமைவதால், ‘நல்லா விளைஞ்ச இடத்துல போடுங்க’ என்றும் ‘காஞ்ச இடத்துல போடுங்க’ என்றும் இரண்டு பக்கமும் ஆள் நிற்பார்கள். யாருடைய கண்ணும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் எண் அட்டவணை.

ஒரே பக்கச் சாய்வு இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு லோடு போதாது, பல லோடு வேண்டும். கருதுகோள் சோதனை வரும் இடம் இது. பத்து லோடுக்கு உங்கள் பாயிண்டையும் மில்லின் பாயிண்டையும் குறித்து வைக்கிறீர்கள். பத்தில் ஒன்பது தடவை மில்லின் எண் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ‘இரண்டு தராசுக்கும், இரண்டு கூடை எடுக்கும் முறைக்கும் வித்தியாசமே இல்லை’ என்பது இன்மைக் கருதுகோள். அது உண்மையானால் ஒவ்வொரு லோடிலும் யார் எண் குறைவாக வரும் என்பது பூவா தலையா போலத்தான். காசைப் பத்துத் தடவை சுண்டினால் ஒன்பதோ பத்தோ தடவை ஒரு குறிப்பிட்ட பக்கம் விழுவதற்கு வாய்ப்பு 1,024-க்கு 11. எந்தப் பக்கமானாலும் சரி என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் 22, அதாவது ஏறக்குறைய 2.1 சதவீதம். இதுதான் பி-மதிப்பு.

அந்த 2.1 சதவீதத்துக்கு ‘மில் நேர்மையாக இருக்க 2.1 சதவீத வாய்ப்பு’ என்று பொருள் கொண்டால் அது பெரிய தப்பு. வித்தியாசமே இல்லாத உலகத்தில், இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ ஒருபக்கமாகச் சாயும் பத்து லோடு எத்தனை அபூர்வம் என்பதை மட்டுமே அது சொல்கிறது. இந்தத் தப்பு படித்தவர்களிடமே அவ்வளவு பரவிப்போனதால், அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட வேண்டி வந்தது. நீங்கள் கேட்க நினைக்கும் கேள்வி, அதாவது இந்தத் தரவைப் பார்த்த பிறகு சாய்வு இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது, வேறு வகை. அதற்குத் தாமஸ் பேயஸ் என்பவரின் வழி இருக்கிறது. அவர் இறந்த பிறகு 1763-இல் வெளியான கட்டுரையிலிருந்து தொடங்கும் மரபு. அங்கே தரவைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதையும் எண்ணாக எழுதிக் கணக்கில் சேர்க்க வேண்டும். உங்கள் அப்பாவும் மில்காரரும் ஒரே தரவைப் பார்த்துவிட்டு வேறு வேறு முடிவுக்கு வருவது ஏன் என்பதும் அதில் விளங்கும்.

ஐந்து சதவீதத்துக்குக் கீழே என்றால் மெய், மேலே என்றால் பொய் என்ற வழக்கத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபதில் ஒன்று என்பதை 1925-இல் ஃபிஷர் வசதியான ஓர் எல்லையாகச் சொன்னார். அவர் ராத்தாம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர், ஒரு சோதனையோடு முடிவு கட்டாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் பழக்கம் உள்ளவர். எந்த ரகம், எந்த உரம் எந்தப் பாத்திக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும் என்பதும் அவர் விட்டுச் சென்ற பழக்கமே.

அப்புறம், 2.1 சதவீதம் என்பதால் மில் ஏமாற்றுகிறது என்றும் ஆகிவிடாது. வித்தியாசம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். காரணம் உங்கள் பக்கத்துத் தராசாகவும் இருக்கலாம். மண்ணைக் கழுவாமல் போட்டு ஒவ்வொரு தடவையும் ஒரு பாயிண்ட் ஏற்றிப் பார்த்திருக்கலாம். புள்ளியியல் வித்தியாசத்தைக் காட்டும். ஏன் என்று கேட்டால் தொட்டிப் பக்கம் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஓர் அனுமானத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உடைந்தால் வெளியே தெரியாமல் உடைவது அதுதான்: ஒரு விலகல் அடுத்ததைத் தொடாது என்பது. இதற்குக் கிழங்கைவிட ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் நல்ல உதாரணம். சேர்வராயன் மலையில் அராபிகா வைத்திருப்பவர்களுக்கு வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தீராத தொல்லை. வண்டு பட்டை இடுக்கில் முட்டை வைக்கும், புழு தண்டுக்குள் குடைந்துகொண்டே போகும், தண்டின் மேல் வளையம் வளையமாக மேடு தட்டும். பிடித்த செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் வழி. தோட்டத்தில் எத்தனை சதவீதச் செடியில் புழு என்று தெரிய 200 செடியைப் பார்க்கிறோம், 12-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீதம். வழக்கமான சூத்திரம் 2.7-லிருந்து 9.3 சதவீதம் வரை என்று இடைவெளி கொடுக்கும்.

ஆனால் யார் 200 செடியை மலை முழுக்கச் சிதறித் தேடுவார்கள்? இருபது இடத்தில் நின்று, இடத்துக்குப் பத்துச் செடியாகப் பார்ப்பார்கள். இந்த வண்டுக்கு வெயில் படும் செடிதான் பிடிக்கும். சில்வர் ஓக் நிழல் குறைந்த திட்டில் ஒரு செடியில் இருந்தால் பக்கத்துச் செடியிலும் இருக்க வாய்ப்பு அதிகம். பத்தும் பத்துத் தனிச் செய்தியைச் சொல்லவில்லை, ஒரே செய்தியைத் திருப்பித் திருப்பிச் சொல்கின்றன. ஒரே திட்டில் நிற்கும் செடிகளுக்குள் ஒட்டுறவு, அதாவது ஒன்று மற்றதை ஒத்திருக்கும் அளவு, 0.2 என்று வைத்தால், மாறுபாடு (திட்டப் பிழையின் வர்க்கம்) 1 + 9 × 0.2, அதாவது 2.8 மடங்காகிறது. 200 செடி பார்த்தது, தனித்தனியாக 71 செடி பார்த்ததற்குத்தான் சமம். இடைவெளி 0.5-லிருந்து 11.5 சதவீதம் வரை விரிந்துவிடும். பிடுங்குவதற்கு ஆள் எத்தனை வேண்டும் என்று திட்டம் போடுபவருக்கு இந்த இரண்டு இடைவெளியும் இரண்டு வேறு உலகம். கிழங்கு லோடிலும் இப்படித்தான்: ஒரே மூலையிலிருந்து எடுத்த எட்டுக் கூடை எட்டு ஆகாது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. லோடு ஏற்றும்போதே, வண்டியில் ஏறும் கூடைகளை எண்ணி, முன்பே சீட்டுப் போட்டு எடுத்த எண்களில் வரும் கூடைகளிலிருந்து கிழங்கை ஒதுக்கி வையுங்கள். நல்ல கிழங்காகப் பார்த்து எடுக்காதீர்கள், உங்கள் கைக்கும் சாய்வு உண்டு. மேலே போட்ட கணக்கில் வந்த 1.22 உங்கள் காட்டுக்கும் பொருந்துமானால், ஒரு பாயிண்ட் முன்னே பின்னே தெரிய எட்டு இடம் போதும். அரை பாயிண்ட் வரைக்கும் துல்லியம் வேண்டுமென்றால் இருபத்தைந்து இடம் வேண்டியிருக்கும். உங்கள் காட்டின் திட்ட விலக்கம் எவ்வளவு என்று முதல் லோடிலேயே நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

தராசில் சந்தேகம் என்றால் அதற்கு வேறு சோதனை. ஐந்து கிலோ கிழங்கை நன்றாகக் கழுவி, பக்கத்துத் தோட்டத்துத் தராசில் பார்த்து, அதே கிழங்கை மூடிக் கட்டி அன்றைக்கே மில்லுக்கு எடுத்துப் போய் உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். கிழங்கு ஒன்றே என்பதால் காட்டின் ஏற்ற இறக்கம் கணக்கிலிருந்தே போய்விடும், மிஞ்சுவது தராசின் வித்தியாசம் மட்டும். இதற்குத்தான் வகுப்பில் இணைச் சோதனை என்கிறார்கள். இப்படி ஆறு ஏழு கட்டு பார்த்தாலே நிறையத் தெரிந்துவிடும். இரண்டு தராசும் ஒத்துப்போய், லோடுக்கு லோடு மில்லின் எண் மட்டும் குறைந்தே வந்தால், அவர்கள் கூடையை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பேச வேண்டும். தராசே ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் இரண்டிலும் ஒரே எடைக்கல்லை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.